“யார் வழியில் வந்தது?” உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

தண்டவாளம்

அக்கா பையன் உதவி லோகோ பைலட் தேர்வில் எல்லாக் கட்டமும் தாண்டி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் விழுந்தான். அந்த நிறப் புத்தகம்தான். புள்ளி புள்ளியாக இருக்கும், நடுவில் எண் ஒளிந்திருக்கும், இஷிஹாரா என்று பெயர், சிவப்பு பச்சை நிறக்குருடு இருக்கிறதா என்று பார்ப்பது. முதல் பக்கத்தில் 12. அது யாருக்கும் தெரியும். அதற்கப்புறம்தான் இருக்கிறது கதை. சிக்னல் பார்த்து வண்டி ஓட்டுகிற வேலை, அவர்கள் நிராகரித்ததில் எனக்கு வருத்தம் உண்டு, புகார் இல்லை.

உறுத்துவது அன்று சாயங்காலம் நடந்தது. பையன் திண்ணையில் உட்கார்ந்து அதே மாதிரிப் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் காட்டினான். எனக்கு 74. அத்தானுக்கு 74. அக்காவுக்கும் 74. “எனக்கு 21தான் தெரியுது மாமா” என்றான். ஈஸிசேரில் இருந்த அப்பா, “எங்க, குடு” என்று வாங்கினார். கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “இருபத்தொண்ணுதானே? இதுல என்னடா குழப்பம்?”

அப்பாவுக்கு 78 வயது. தக்காளியை அழுத்திப் பார்த்துத்தான் வாங்குவார். கூடையைக் கண்ணால் பார்த்து ஒன்றைக்கூட எடுத்ததில்லை. அதை நாங்கள் கைப்பக்குவம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். பச்சை மிளகாயில் பழுத்தது கலந்து கிடந்தால் அம்மாவைக் கூப்பிட்டுப் பொறுக்கச் சொல்வார், சோம்பல் என்று அம்மா திட்டுவாள். இத்தனை வருடத்தில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவருக்கே வரவில்லை.

கணக்கு உங்களுக்குத் தெரியும். இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது; பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். அப்பாவிடம் இருப்பது ஒரே எக்ஸ். அதை மகளுக்குக் கொடுத்தே ஆக வேண்டும். மகனான எனக்கு அவர் தந்தது ஒய், அதனால் அவருடையது எனக்கு வர வழியே இல்லை. அக்காவிடம் அம்மா தந்த எக்ஸ் நன்றாக இருப்பதால் அவளுக்கு 74 தெரிகிறது. அவளிடமிருந்து பையனுக்குப் போகும்போது பூவா தலையா. அவனுக்குத் தாத்தாவுடையது விழுந்தது.

அத்தானின் அம்மா மட்டும்தான் வாய் திறந்தார்கள். “எங்க வழியில யாருக்கும் கண்ணுல கோளாறு கிடையாது.” அக்கா எழுந்து உள்ளே போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அடுப்படிக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறாள், கையில் ஒரு பாத்திரமும் இல்லை. அவள் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசி இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு ஏன் என்றே புரியவில்லை.

மீசைமுருங்கை

என்னுடையது சின்ன விஷயம், ஆனால் பத்து வருடமாக மறக்கவில்லை. எங்கள் தாத்தாவுக்குக் காது ஓரத்தில் முடி. அப்பாவுக்கும். ஊர் சலூனில் முதல்முறை காதில் கத்தரியை வைத்தபோது கடைக்காரர் சொன்னார்: “வந்துருச்சா? உங்கப்பாவுக்கும் முப்பத்தஞ்சுலதான் வந்துச்சு.” கண்ணாடியில் பார்த்தேன். தலையில் குறைகிறது, காதில் வளர்கிறது.

இது அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் ஒய் வழியாகப் போகும் குணம் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும். மரபியல் அறிஞர் ஹால்டேன் 1957-ல் இந்தியாவுக்கு வந்து தங்கிவிட்டாரே, அவரிடம் பயின்ற துரோணம்ராஜு ஆந்திரக் குடும்பங்களில் இதை ஆராய்ந்தவர். நானும் என் மகன் காதைப் பார்த்து மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்புறம் படித்தால், 2004-ல் தென்னிந்திய ஆண்களின் டி.என்.ஏ. வைத்துப் பார்த்ததில் அந்த ஒய் கதை நிற்கவில்லையாம். இப்போது மகனிடம் என்ன சொல்ல? அவனுக்கு வயது ஏழு, கவலையே இல்லை.

ஊருக்குஉபதேசி

தண்டவாளம், நேரடியாகக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் அக்காவைச் சொந்தத்தில் கொடுத்தீர்களா? நம் ஊரில் இந்த மாதிரி எது வந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது அதுதான்.

எங்கள் சித்தப்பா சொந்த அக்கா மகளைக் கட்டினார். பிள்ளைகள் இரண்டுக்கும் பிறவியிலேயே காது கேட்காது. கோயில் கொடையில் வேட்டுப் போடும்போது மொத்தக் கூட்டமும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தது. அந்த இரண்டு பேர் மட்டும் நிமிர்ந்து நின்று வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா அவர்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் என் கதை.

இனிக் கேளுங்கள். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுவில் கால்வாசி பொது. மாமன் மகன், அத்தை மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. ஒவ்வொரு மனுஷனும் ஏதோ சில பழுதை ஒற்றைப் பிரதியாகத் தூக்கிக்கொண்டுதான் திரிகிறான். வெளியில் கட்டினால் எதிராளியிடம் அதே பழுது இருக்க வாய்ப்பு குறைவு, சொந்தத்தில் கட்டினால் ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து இரண்டு பக்கமும் இறங்கி ஒன்று சேரும். எந்தக் கல்யாணத்திலும் நூற்றுக்கு இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பிறவிக் குறை இருக்கும். மாமன் மகளைக் கட்டினால் அது நான்கிலிருந்து ஆறு. தமிழ்நாட்டில் இன்னும் கால்வாசிக்கு மேல் கல்யாணம் உறவுக்குள்தான் என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. சொத்து வெளியே போகாது, பெண் கண் முன்னால் இருக்கும், எல்லாம் சரி. ஜாதகம் பார்க்கிற நேரத்தில் ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? ஏற்கெனவே கட்டியிருந்தால் பயப்படவும் வேண்டாம், கர்ப்பத்தின் மூன்றாம் மாதத்துக்குள் போய்க் குடும்ப விவரம் முழுக்கச் சொல்லுங்கள். யார் எந்த வயதில் போனார்கள், யாருக்குக் கண், யாருக்குக் காது, சின்ன வயதில் இறந்த குழந்தைகள் எத்தனை, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாட்டிகள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

தண்டவாளம்

அத்தான் அசல், ஐயா. விருதுநகர்ப் பக்கம். எங்களுக்கும் அவர்களுக்கும் ஏழு தலைமுறைக்கு உறவு கிடையாது. இதற்குச் சொந்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அம்மாவிடம் ஒரு பிரதி இருந்தால் போதும், பையனுக்கு வரலாம். நீங்கள் சொன்னது வேறு வகை.

வேட்டு விஷயம் மட்டும் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

விலங்கியல்டீச்சர்

பன்னிரண்டாம் வகுப்பு, இரத்த வகைச் செய்முறை. நீலப் பாட்டில் ஏ-க்கு, மஞ்சள் பாட்டில் பி-க்கு. ஒவ்வொருத்தியாக விரலில் குத்தி, சொட்டு வைத்து, திரிகிறதா பார்த்து நோட்டில் எழுத வேண்டும். வகுப்பு கலகலப்பாக இருக்கட்டும் என்று, வீட்டில் அம்மா அப்பா வகையையும் கேட்டு வரச் சொல்லியிருந்தேன். என் முட்டாள்தனம்.

ஒரு பெண்ணுக்கு மஞ்சள் சொட்டு அழகாகத் திரிந்தது. பி. அவள் எழுந்து, “மிஸ், எங்கப்பா ஓ, எங்கம்மாவும் ஓ. எனக்கு பி வருமா?” என்றாள். நான் கரும்பலகையில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் “வராதும்மா” என்றேன். ஓ-வும் ஓ-வும் சேர்ந்தால் ஓ மட்டும்தான், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது.

சொல்லி முடித்த பிறகுதான் அந்த அமைதி எனக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்லைடில் இருந்த சொட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தாள், எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அவள் தேர்வு எழுதிப் போய்விட்டாள். வீட்டில் என்ன நடந்தது, ஏதாவது நடந்ததா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றிலிருந்து வீட்டார் வகையைக் கேட்பதில்லை. நாக்கைச் சுருட்டுவது, காது மடல் ஒட்டியிருப்பது இவற்றையும் விட்டுவிட்டேன். அவை ஒற்றை மரபணு விஷயமே இல்லை, ஒரே கருவில் பிறந்த இரட்டையரில்கூட ஒருவர் நாக்கைச் சுருட்டுவார், மற்றவர் மாட்டார். அதை வைத்தும் எத்தனை பிள்ளைகள் வீட்டில் போய் அம்மாவைக் கேள்வி கேட்டிருக்கும்.

ஸ்லைடுபெட்டி

டீச்சர், நான் இரத்த வங்கியில் 19 வருடம். “வராது” என்று நீங்கள் சொன்னது தவறு. மன்னிக்கவும், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்களிடம் ஒருவர் அறுவை சிகிச்சைக்கு வந்தார். அட்டையில் ஓ, நாங்கள் பார்த்ததிலும் ஓ. பொருத்திப் பார்க்க ஓ பையை எடுத்தோம், கட்டியாகத் திரிந்தது. இன்னொரு பை, அதுவும். ஐந்தாவது பையும் திரிந்தபோது பக்கத்தில் இருந்த பையன் “சார், குழாய் அழுக்கா?” என்றான். அழுக்கில்லை. பாம்பே வகை. அந்த மனிதரின் உடம்பு ஓ ரத்தத்தையே ஏற்காது.

1952-ல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரின் குழு கண்டறிந்தது, அதனால் அந்தப் பெயர். ஏ, பி இரண்டுமே எச் என்ற அடித்தளத்தின் மேல் கட்டப்படுபவை. அடித்தளத்துக்கான மரபணு இரண்டு பக்கமும் பழுதாக வந்தால் மேலே கட்ட இடமில்லை. பி மரபணு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும், சோதனையில் ஓ என்று காட்டும். அவருடைய பிள்ளைக்கு மற்றவரிடமிருந்து நல்ல எச் கிடைத்தால் அந்த பி எழுந்து வந்துவிடும். ஆக, பார்வைக்கு ஓ-வும் ஓ-வும், பிள்ளை பி. அம்மாவும் அப்பாவும் அதே அம்மா அப்பாதான். நம் நாட்டில் பத்தாயிரத்தில் ஒருவர் என்பது வழக்கமாகச் சொல்கிற கணக்கு.

ஆனால் உங்கள் மாணவி விஷயத்தில் அதுவும் தேவையில்லை. பெரும்பாலும் அட்டைதான் தப்பு. ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது பக்கத்தில் இருந்தவர் “ஓ பாசிட்டிவ்னு போடுப்பா” என்று சொன்னதை வைத்து முப்பது வருடம் ஓ-வாக வாழ்ந்தவர்களை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன். முகாமில் அவசரமாக ஒரு சொட்டு வைத்து எழுதியதை நம்பாதீர்கள். சிவப்பணுவை மட்டும் அல்ல, சீரம் என்கிற தெளிந்த நீரையும் தனியே பார்த்து இரண்டும் ஒத்துப்போனால்தான் வகை. வீட்டில் யாருக்காவது முரண்பாடு வந்தால் முதலில் மூவருக்கும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் திரும்ப எடுங்கள். அதற்கு முன் ஒரு வார்த்தை பேசாதீர்கள். வகையை வைத்துத் தகப்பன் யார் என்று முடிவு கட்ட முடியாது, அதற்கு டி.என்.ஏ. சோதனை வேறு இருக்கிறது.

தண்டவாளம், உங்களுக்கும் ஒன்று. அணுக்கொள்கை டால்டன் இருக்கிறாரே, அவருக்கும் அவர் சகோதரருக்கும் இதே குறை. 1794-ல் அவரே அதைப் பற்றிப் பேசியிருக்கிறார். தன் கண்ணுக்குள் இருக்கும் நீர் நீலமாக இருக்க வேண்டும், அதுதான் காரணம் என்று நம்பினார். இறந்த பிறகு கண்ணை அறுத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். 1844-ல் அறுத்துப் பார்த்தார்கள், நீர் தெளிவாகவே இருந்தது. 1995-ல், பாதுகாத்து வைத்திருந்த கண்ணிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால் பச்சைக்கான நிறமியின் மரபணு இல்லை. அண்ணன் தம்பி இருவருக்கும் வந்தது அம்மா வழியில். அந்த அம்மாவை யாராவது குறை சொன்னார்களா தெரியவில்லை.

விலங்கியல்டீச்சர்

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். அந்தப் பெண்ணின் எண் இப்போது என்னிடம் இல்லை.

மூன்றாம்கட்டு

எங்கள் ஆயா அடிக்கடி சொல்வார், “நம்ம வீட்டுப் பொம்பளைங்களுக்கு மயக்க ஊசி ஆகாது.” சிசேரியனுக்காக மருத்துவமனைக்குப் போகும் வழியில் காரில் அம்மா அதையே சொன்னாள். டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். நான், “அம்மா, சும்மா இரும்மா, அவங்க சிரிப்பாங்க” என்றேன். முதுகில் ஊசி சரியாகப் பிடிக்காமல் முழு மயக்கம் கொடுத்தார்கள்.

எனக்கு நினைவு வந்தது. குழந்தை அழுகிற சத்தம், அப்புறம் யாரோ யாரிடமோ சாப்பிட்டாச்சா என்று கேட்கிற சத்தம். கண்ணைத் திறக்கப் பார்த்தேன், இமை வரவில்லை. விரல் வரவில்லை. மூச்சை இழுக்கப் பார்த்தேன், அதுவும் என் கையில் இல்லை, இயந்திரம் ஒன்று இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. “முழிச்சிருக்கேன்” என்று சொல்ல என்னிடம் ஒரு அவயவமும் இல்லை. எவ்வளவு நேரமோ, யாரோ ஒரு டாக்டர் குனிந்து காதருகே, “கேக்குதாம்மா? பயப்படாதீங்க, மருந்து கரையல, அவ்வளவுதான். நாங்க கூட இருக்கோம்” என்றார். அவர் பெயர் தெரியாது, குரல் மட்டும் இன்னும் இருக்கிறது.

ஸ்கோலின் என்கிற தசை தளர்த்தும் மருந்து. மற்றவர்களுக்கு ஐந்து பத்து நிமிடத்தில் போய்விடும். அதைக் கரைக்கிற நொதி எங்களுக்குக் குறைவு, அதனால் மணிக்கணக்கு. நாங்கள் ஆரிய வைசியர். எங்கள் சமூகத்தில் இது அதிகம் என்பது மயக்க மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயமாம். எங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆயாவுக்குத் தெரிந்திருக்கிறது, வேறு வார்த்தையில்.

தங்கைக்கும் சோதித்தோம், குறைவு. அண்ணன் சோதிக்க மறுக்கிறார், பொம்பளைகளுக்குத்தானே என்கிறார். ஆயா அப்படிச் சொன்னதற்குக் காரணம் எங்கள் வீட்டில் பெண்களுக்கு மட்டும்தான் ஆபரேஷன் நடந்தது என்பதுதான். இது அவர் மண்டையில் ஏறவில்லை.

தேவாலாமழை

கூடலூர்ப் பக்கம் சுகாதாரப் பணியில் இருந்தேன். அரிவாள் செல் சோதனை, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை ரத்த நோய்க்கு. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டதே 1952-ல் எங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். ஒற்றைப் பிரதி இருந்தால் ஒன்றும் செய்யாது, மலேரியாவிலிருந்து கொஞ்சம் காக்கக்கூடச் செய்யும். மலைக்காட்டில் அது தங்கிப்போனதற்குக் காரணமே அதுதான். இரண்டு பிரதி சேர்ந்தால்தான் வேதனை.

ஒரு பையன், ஒரு பெண், கட்டிக்கொள்ளப் போகிறவர்கள், இரண்டு பேரிடமும் ஒற்றைப் பிரதி. உட்கார வைத்துச் சொன்னேன்: “நாலில் ஒண்ணுக்கு வரலாம்.” மழை கொட்டிக்கொண்டிருந்தது, கடைசி ஜீப் போய்விடும் என்று அவர்களுக்கு அவசரம். பையன் தலையாட்டினான், போனார்கள்.

இரண்டு வருடம் கழித்து முதல் குழந்தை, கையும் காலும் வீங்கி, தொட்டால் அலறுகிறது. சோதித்தால் இரண்டு பிரதி. அவன் என்னைப் பார்த்துக் கேட்டான், கோபமே இல்லாமல், நிஜமாகப் புரியாமல்: “நாலாவதுக்குத்தானே அக்கா சொன்னீங்க? நாங்க மூணோட நிறுத்திக்கலாம்னு இருந்தோம்.”

அதற்கப்புறம் நான் அந்த வாக்கியத்தைச் சொல்வதில்லை. நாலு புளியங்கொட்டை எடுத்து, ஒன்றில் சுண்ணாம்பு தடவி, மடியில் போட்டுக் கலக்கி எடுக்கச் சொல்வேன். எடுத்ததைத் திரும்பப் போடச் சொல்வேன், மறுபடி எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலிலிருந்து கலக்க வேண்டும் என்று அப்போதுதான் புரிகிறது. குழந்தை இப்போது ஹைட்ராக்சியூரியா மாத்திரையில் நன்றாக இருக்கிறாள். குளிர் மாதம் மட்டும் பயம்.

ஊருக்குஉபதேசி

தேவாலாமழை, தெரிந்தே கல்யாணம் செய்துகொண்டார்களே, அதைத் தடுத்திருக்க வேண்டாமா? 2023-லிருந்து மத்திய அரசே அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் நடத்தி அட்டை கொடுக்கிறது. இரண்டு அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் கட்டு, இல்லையென்றால் விடு. இதே மாதிரி, தாலசீமியா என்கிற பரம்பரை ரத்தசோகைக்கும் கல்யாணத்துக்கு முன் சோதனை செய்ய வேண்டும். வருடக்கணக்காக இரும்புச் சத்து மாத்திரை விழுங்கியும் ரத்தம் ஏறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் ஏ2 பார்த்தால் தெரிந்துவிடும். கணவனுக்கும் பார்க்க வேண்டும். இதை நான் எங்கள் சங்கத்திலேயே பல தடவை...

தேவாலாமழை

ஐயா, அவர்கள் விரும்பிக் கட்டினவர்கள். அட்டை பார்த்து மனசை மாற்ற நான் யார்? கர்ப்பத்தில் சோதித்துக்கொள்ள வழி இருக்கிறது, அதைப் புரிகிற மாதிரிச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் தவறியது அங்கே. உங்கள் சித்தப்பாவிடமும் யாராவது புளியங்கொட்டை வைத்துச் சொல்லியிருந்தால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டார்.

ஈரோட்டுமருமகள்

பிரசவமாகி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மாமியார் வந்தார், குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, துணியை விலக்கிக் காது மடலின் மேல் நுனியை மடக்கிப் பார்த்தார். “இந்த நிறந்தான் நிக்கும்” என்று நாத்தனாரிடம் சொன்னார். ஒன்பது மாதம் எனக்குக் குங்குமப்பூ போட்டுக் கொடுத்த பாலுக்கெல்லாம் கணக்குப் பார்க்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. நிறத்தைத் தீர்மானிப்பது ஒரு மரபணு இல்லை, பல சேர்ந்து, இரண்டு பக்கமிருந்தும் வருவது என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, படுத்த படுக்கையில் நானும் கையை நீட்டி அந்தக் காதைத் தொட்டுப் பார்த்தேன். அதுதான் என்னை உறுத்துகிறது.

தண்டவாளம்

எல்லாம் படித்தேன். பையன் இப்போது ரயில்வேயிலேயே நிறப் பார்வை கேட்காத பிரிவுக்குப் படிக்கிறான். டால்டன் கதையை அவனிடம் சொன்னேன், “அப்போ என் கண்ணையும் வைக்கச் சொல்லு மாமா” என்கிறான். அவன் தேறிவிட்டான்.

நேற்று அவன் தங்கை தனியாக வந்தாள். அவளுக்கு வரன் பார்க்கிறார்கள். “மாமா, அந்தப் படத்தை எனக்கும் காட்டுங்க” என்றாள். காட்டினேன். “எழுபத்தி நாலு” என்று டக்கென்று சொன்னாள், முகம் தெளிந்துவிட்டது. அவள் அம்மாவும் 74 என்றுதான் சொன்னாள் என்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. இன்னும் சொல்லவில்லை. காபி குடித்துவிட்டுப் போனாள்.